கிழக்கே நின்ற தாய்மாமன்

பொன்செல்வியின் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியவர்கள் முகூர்த்த நேரத்தை விட்டுவிட்டு அடியில் இருந்த கடைசி வரியைத்தான் படித்தார்கள். அதற்கு ஒரு கட்டமும் போட்டிருந்தது. 'சளி, இருமல், காய்ச்சல் உள்ள சொந்தங்கள் அருள்கூர்ந்து வீட்டிலிருந்தே வாழ்த்துங்கள். கல்யாணச் சாப்பாடு உங்கள் வீடு தேடி வரும்.'

அச்சகத்துக்காரருக்கே மனசு ஒப்பவில்லை. "அக்கா, வாங்கன்னு கூப்பிடுத பத்திரிகைல வராதியன்னு போட்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார்.

"போடுங்க தம்பி. கட்டம் கட்டிப் போடுங்க" என்றாள் ஜெயசித்ரா.

ஜெயசித்ரா பொன்செல்வியின் அம்மா. தென்காசியில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறாள். எந்தச் சேலையைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதற்கு இழைபிசகாமல் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பாள். சில வருஷங்களுக்கு முன்னால் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. உடம்பு ஊதி, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தாள். அப்போது அவளுடைய அண்ணன் சங்கிலிப்பாண்டி, ஒருத்தரிடமும் யோசனை கேட்காமல், "என்கிட்ட ரெண்டு இருக்குல்லா, ஒண்ண எடுத்துக்கிடுங்க" என்று மதுரை ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். வடகரையில் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிறார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கன போய் ஒழுங்கா வேல செய்யுதா?" என்பதுதான்.

வேலை நன்றாகவே செய்தது. ஜெயசித்ரா மறுபடி கடையில் உட்கார்ந்தாள். ஆனால் அதற்காகத் தினமும் போடும் மருந்து, உடம்பு நோயை எதிர்க்கும் வலுவைக் குறைத்துவிட்டது. மற்றவர்களுக்கு ரசம் குடித்தால் போகிற சளி அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடும். ஒருமுறை கடைக்கு வந்த பெண்ணொருத்தி கல்லாப்பெட்டிக்கு மேல் குனிந்து தும்மியதற்கு, ஜெயசித்ரா ஒரு மாதம் மதுரையில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் முகக்கவசமும் கல்லாவுக்கு முன்னால் கண்ணாடியும் வந்தன. தொழில்காரியாயிற்றே, வெளியே கிளம்பும்போது கட்டியிருக்கும் சேலையின் நிறத்திலேயே முகக்கவசத்துக்கு ஒரு மேலுறையும் தைத்துப் போட்டுக்கொள்வாள்.

பத்திரிகை வரியைப் பார்த்துச் சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். வீடு வீடாகப் போய் அவர்களை அடக்கியவர் சங்கிலிப்பாண்டிதான். சுரண்டையில் ஒரு பெரியப்பா, "தும்முனவனெல்லாம் தீண்டத்தகாதவனாலே?" என்று கேட்டதற்கு, "என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான். தும்மல் வந்தா வீட்டுல இருந்து தும்மும். லட்டு வந்து சேரும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, தென்காசி வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் மறுநாள் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு மண்டபத்தில். ஆனி மாசத்துச் சாரல் நன்றாகப் பிடித்திருந்ததால் அருவிகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகிற கார்கள் ஊர்க்கோடியில் வரிசை கட்டி நின்றன. மாப்பிள்ளை குற்றாலீஸ்வரன் சுரண்டைக்காரன், கூட்டுறவு வங்கியில் வேலை. பொன்செல்வி இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறிய ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜெயசித்ராவுக்கு வடகரையிலிருந்து போன் வந்தது. மதினி மங்களேஸ்வரி. சங்கிலிப்பாண்டியின் மனைவி. குசுகுசுவென்று பேசினாள்.

"ஏ ஜெயா, நான் சொன்னேன்னு சொல்லிராத. உங்க அண்ணனுக்கு முந்தாநேத்துலருந்து காய்ச்சல். ஒடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்குங்காக. செங்கோட்டைல டாக்டர்கிட்ட காட்டுனோம். மூக்குல குச்சிய விட்டுப் பாத்துட்டு ஃப்ளூ காய்ச்சல், வெளிய போகக்கூடாதுன்னுட்டாரு."

"ஐயோ மதினி, இப்ப எப்படி இருக்காக?"

"எப்படி இருக்காகளா? மாத்திரையப் போட்டுக்கிட்டு, மீசைக்கு எண்ண தடவிக்கிட்டு, சீர்வரிசைய ஜீப்புல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாக. நான் சொன்னா கேக்கவா செய்யுதாக? இன்னும் செத்த நேரத்துல அங்கன வந்து நிப்பாக. எனக்கும் தொண்ட கரகரங்குது. நான் வரல. நீயே பாத்துக்க."

ஜெயசித்ரா போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய புருஷன் மாரிராஜ், மின்வாரியத்தில் லைன்மேன், சீரியல் விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர், ஏணியில் இருந்தபடியே, "என்ன ஜெயா, மாடு கீடு வருதா?" என்று கேட்டார்.

தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டது.

சங்கிலிப்பாண்டி இறங்கினார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை. கண் மட்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. பின்னால் வாழைத்தாரும் பழத்தட்டுகளும் பெரிய பூக்கூடையும். கேட்டில் கையை வைத்துத் தள்ளினார். அது திறக்கவில்லை.

"ஏட்டி, கேட்டத் தெற. சீரு வந்திருக்கு."

"அண்ணே, அங்கனயே நில்லுங்க."

"என்னத்துக்கு?"

"உங்களுக்குக் காய்ச்சல்லா அடிக்கி."

"யாரு சொன்னா? மங்களமா? அவளுக்கு வேற வேல..." என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. வந்த இருமல் லேசில் நிற்கவில்லை. குனிந்து, நிமிர்ந்து, ஜீப்பைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். பந்தல்காரர்களில் ஒருவர் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"மாத்திரை போட்டாச்சு. இப்பக் காய்ச்சல் இல்ல. வேணும்னா தொட்டுப் பாரு" என்று கேட்டுக்கு மேலே கையை நீட்டினார்.

ஜெயசித்ரா தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினாள். அந்த ஓரடிதான் அவரைச் சுட்டது.

"பின்னாலயா போற? என் கிட்னிதானட்டி உனக்குள்ள ஓடுது? என் காய்ச்சல் அதுக்குத் தெரியாததா? என் வீட்டு நாய் என்னப் பாத்துக் குலைக்குமா?"

"பத்திரிகைல போட்டிருக்குல்லாண்ணே..."

"அது ஊருக்குப் போட்ட வரி. எனக்கா போட்ட?"

உயிர் கொடுத்த மனுஷனை எந்த வாயால் வராதே என்று சொல்வது? அவள் கொண்டியைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சீர்வரிசையோடு, வந்த வழியே போய்விட்டார்.

வீட்டுக்குள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேசியது. "ஒரு நாள்தான, என்ன ஆயிரப்போகுது?" என்றது ஒரு பாதி. "அந்தப் பிள்ள ஆஸ்பத்திரில கிடந்தா நீயா போய்ப் பாப்ப?" என்றது இன்னொரு பாதி. இந்த நேரம் பார்த்து, சித்தப்பா மகன் அய்யாக்குட்டி முன்னால் வந்தார். "அக்கா, நானும் ஒனக்குத் தம்பிதான? தாய்மாமன் முறைய நான் செஞ்சிருதேன். சட்டைகூட பட்டுல எடுத்திருக்கேன்" என்றார். எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

ஜெயசித்ரா உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பொன்செல்வி மருதாணிக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, தோளாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, மாமா இல்லாம நான் மணவறை ஏறமாட்டேன்."

"வரட்டும்னு விட்டுருவமா? நான் வேணா ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்."

"நீ ஓரமா நின்னாலும் ஏறமாட்டேன். ரெண்டு பேரும் வேணும். அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் பேசி ஒரு வழி பண்ணுங்க. எனக்கு இப்ப மூக்கு அரிக்கி, கொஞ்சம் சொறிஞ்சு விடு."

அழுதுகொண்டே சொறிந்துவிட்ட ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு மதுரை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரம் கேள்வியும் பதிலுமாகப் பேசினாள். பிறகு வெளியே வந்து ஏணியைப் பார்த்து, "இறங்குங்க. வடகரைக்குப் போகணும்" என்றாள்.

மாரிராஜ் இறங்கி வண்டியை எடுத்தார். இலஞ்சி தாண்டும்போது சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாகத் தெறித்தது. கார் ஓட்டிக்கொண்டே அவர், "மச்சான் பிடிவாதக்காரரு. பேசிக் கேப்பாரா?" என்றார். "கேக்கலன்னா கத்துவேன்" என்றாள் ஜெயசித்ரா.

அண்ணன் வீட்டில் இல்லை. மங்களேஸ்வரி திண்டாடிப்போய் வாசல் ஜன்னலில் நின்றபடி, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோப்பின் பக்கம் கையைக் காட்டினாள். தோப்பில் மோட்டார் ரூமுக்கு வெளியே, ஓடு வேய்ந்த சாய்ப்பின் கீழ் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார் சங்கிலிப்பாண்டி. தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் தண்ணீர் நிரம்பி ஓடியது. இந்தப் பக்கம் வயலில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டப் போனவளை மாரிராஜ் நிறுத்தினார். கம்பத்தில் ஏறி ஏறி அவருக்குக் காற்றின் போக்கு அத்துப்படி. "காத்து மேக்கருந்து அடிக்கி. நீ இந்தக் கரையிலயே நில்லு. அப்பத்தான் உன் காத்து அவருகிட்டப் போகும், அவரு காத்து உங்கிட்ட வராது."

ஜெயசித்ரா வரப்பில் கால் ஊன்றி நின்று, முகக்கவசத்துக்கு மேலாகக் குரலெடுத்தாள்.

"அண்ணே!"

கட்டில் அசையவில்லை.

"அண்ணே! கேக்குதுன்னு தெரியும்!"

சங்கிலிப்பாண்டி புரண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"திரும்பிப் படுத்தா விட்டுருவனா? இன்னும் சத்தமாக் கத்துவேன். ஊரே கேக்கட்டும்!"

ஊர் கேட்கத்தான் செய்தது. நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள்.

"என்னத்துக்கு வந்த?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கத்தினார் அவர். "வாசல்ல வச்சு வெரட்டுனது பத்தாதா?"

"நீங்க எனக்குக் குடுத்தது எனக்கு எம்புட்டுச் சொந்தம்னு எனக்குத் தெரியும். என் ஒடம்புக்குத் தெரியாதுண்ணே! அதுக்கு உங்க கிட்னி அசலூர்க்காரன். உள்ள காவல் நிக்கவனெல்லாம் அத அடிச்சு வெளிய தள்ளத்தான் பாப்பான். அதுக்காகத்தான் தெனமும் மாத்திரையப் போட்டுக் காவக்காரன உறங்க வச்சிருக்கேன். உங்க சாமான் பத்திரமா இருக்கணும்னு! காவல் உறங்குத வீட்டுல கதவையும் தெறந்து போட்டா, எவன் பேரச் சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் உள்ள பூந்துருவாம்லா?"

கட்டில் கிரீச்சிட்டது. சங்கிலிப்பாண்டி எழுந்து உட்கார்ந்தார்.

"என் பேரச் சொல்லிக்கிட்டுமா?"

"உங்க பேரச் சொல்லிக்கிட்டுத்தான் இன்னைக்கு வந்தான்! பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்தான்!"

நாற்று நட்டவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை. மீசையை ஒருபக்கம் தடவியபடி யோசித்தார்.

"அப்ப, சென்ட்ரி உறங்குத போஸ்ட்டா அது?"

"ஆமா!"

"பாதுகாப்பே கிடையாதா?"

"நாந்தான் பாதுகாப்பு! இந்தத் துணியும் தூரமா நிக்கதும்தான் பாதுகாப்பு!"

"இத ஏன் இத்தன நாளா எவனும் எங்கிட்டச் சொல்லல?"

"டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொன்னாக. நீங்க அப்ப நர்சுப் பிள்ளைகிட்ட லடாக்குல பனி பெஞ்ச கதைய அளந்துக்கிட்டு இருந்திய!"

இந்தத் தடவை வயல் முழுக்கச் சிரித்தது. "அண்ணாச்சி, தங்கச்சி இம்புட்டுத் தூரம் வந்து தொண்ட கிழியக் கத்துதாக, கேளுங்க" என்று ஒரு பெரிய பெண்மணி நாற்றுமுடியை அசைத்துச் சொன்னாள்.

சங்கிலிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பேசியபோது குரல் இறங்கிவிட்டது. காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சரிட்டி. நான் வரல. மாலையக் குடுத்து விடுதேன். அய்யாக்குட்டி செய்யட்டும்."

"உங்கள வரவேண்டாம்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? மண்டபத்துக்கு உள்ளதான் வரக்கூடாது. வெளிய வாங்க. டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன். தெறந்த வெளி, நல்ல தூரம், மூக்கும் வாயும் மூடியிருக்கணும், காத்து என் பக்கத்துலருந்து உங்க பக்கம் அடிக்கணும். மதினியும் அப்படித்தான். செய்வியளா?"

அவர் எழுந்து நின்றார். காய்ச்சலில் கால் லேசாக ஆடியது. ஆனாலும் விறைப்பாக நின்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சல்யூட் அடித்தார்.

"எந்த எடம்னு காட்டு. அங்கன நிக்கேன்."

மறுநாள் விடியும்போதே குற்றாலத்து மலையில் மேகம் இறங்கியிருந்தது. மண்டபத்தின் வாசல் கிழக்கே பார்த்தது. அதற்கு முன்னால் நீளமாக ஒரு மைதானம். மைதானத்தின் கடைசியில், ரோட்டோரமாக ஒரு பெரிய மருதமரம். மாரிராஜ் மைதானத்துக்கு நடுவில் நின்று ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை மண்டபத்துப் பக்கமிருந்து மரத்துப் பக்கமாகப் போனது. "சரியா இருக்கு. மச்சான் ஜீப்ப மரத்தடியில போடச் சொல்லு" என்றார்.

ஜீப் வந்தது. சங்கிலிப்பாண்டி முகக்கவசம் போட்டிருந்தார். மீசை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. பக்கத்தில் மங்களேஸ்வரி, அவளும் முகக்கவசத்தோடு. அவளுக்கு ஜெயசித்ரா சேலைக்குப் பொருத்தமாகக் கத்திரிப்பூ நிறத்தில் மேலுறை தைத்து முந்தின நாள் ராத்திரியே கொடுத்துவிட்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தியம்மா ஜெயசித்ராவிடம் வந்து, "தாய்மாமன் ஏன் மரத்தடியில நிக்காரு? எதும் மனவருத்தமா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஜெயசித்ரா விஷயத்தைச் சொன்னாள். சம்பந்தியம்மா மரத்தையும் மண்டபத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "எங்க பக்கமும் ரெண்டு மூணு பேரு இருமிக்கிட்டு இருக்காக. பத்திரிகையப் பாத்துட்டும் வந்துட்டாக. வந்தவுகளப் போங்கன்னு எப்படிச் சொல்லன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். அங்கன அனுப்பிரவா?" என்றாள்.

"தாய்மாமன் பக்கத்துல எடம் போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றாள் ஜெயசித்ரா.

சம்பந்தியம்மா போய் அப்படியே சொன்னாள். தாய்மாமன் பக்கத்தில் இடம் என்றால் மரியாதையான இடம் அல்லவா? இருமிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டுப் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் மறைந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஒருவரும் கூச்சம் விட்டு எழுந்து போனார். லட்டு வந்து சேரும் என்று கேள்விப்பட்டிருந்த சுரண்டைப் பெரியப்பா, லட்டை நம்பாமல் நேரிலேயே வந்திருந்தார். அவரும் இருமிக்கொண்டே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

சங்கிலிப்பாண்டிக்கு ஒரு படை கிடைத்துவிட்டது. "வரிசையா நாற்காலி போடுங்க. இடைவெளி விட்டு. மொகத்த மூடுங்க. பெரியப்பா, துண்டு பத்தாது, இந்தாரும், இதப் போடும்" என்று தூரத்திலிருந்தே உத்தரவு போட்டார். ஜீப்பில் ஒரு பெட்டி முகக்கவசம் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முறை செய்யும் நேரம் வந்தது. நாதஸ்வரக்காரர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று வாசித்தார்கள். சங்கிலிப்பாண்டி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, ரோஜா மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுமைதானம் வரை நடந்து வந்து, அங்கே போட்டிருந்த பெஞ்சில் தாம்பாளத்தின் மேல் வைத்தார். வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து தன் இடத்துக்குப் போனார். அய்யாக்குட்டி பட்டுச் சட்டையோடு வந்து, "அண்ணன் சார்பா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு மாலையை எடுத்துப் பொன்செல்வியின் கழுத்தில் போட்டார். அவருக்கும் மனசு நிறைந்துவிட்டது.

அடுத்தது தாய்மாமன் கைப்பிடித்துப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போவது. அதற்குத்தான் முந்தின நாள் சாயங்காலம் பொன்செல்வி ஒரு யோசனை சொல்லியிருந்தாள். கடையிலிருந்து, பிரிக்காத ஒரு முழுச் சுருள் அரக்குப் பட்டுத்துணி வந்திருந்தது. அய்யாக்குட்டி அதன் ஒரு நுனியை நடுமைதானத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, உருட்டிக்கொண்டே மரத்துப் பக்கமாக ஓடி, மறுநுனியை அங்கே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு விலகினார். சங்கிலிப்பாண்டி வந்து நுனியை எடுத்தார். துணி காற்றில் ஒருமுறை படபடத்து, பிறகு இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது.

பொன்செல்வி அந்த நுனியை லேசாக இழுத்தாள். மறுபக்கத்திலிருந்து அவரும் லேசாக இழுத்தார்.

"மாமா, பிடிச்சிருக்கியளா?" என்று கத்தினாள்.

"பிடிச்சிருக்கேன்ட்டி. நீ நட!"

அவள் நடந்தாள். துணி தொய்யாமல் அவர் பின்னால் வந்தார். மண்டபத்துப் படியை அவள் மிதிக்கும்போது அவர் மைதானத்தின் பாதியில் இருந்தார். அங்கேயே நின்று நுனியை விட்டார். ஜெயசித்ரா வாசலில் நின்று துணியைச் சுருட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். முகக்கவசம் கண்ணீரில் ஈரமாகிவிட்டது. உள்ளே ஓடி வேறொன்று மாற்றிக்கொண்டு வந்தாள்.

தாலி கட்டியதை மரத்தடிக்காரர்கள் மாரிராஜ் ஒயர் இழுத்து வைத்திருந்த டிவியில் பார்த்தார்கள். கெட்டிமேளம் கேட்டதும் மரத்தடியிலிருந்து அட்சதை பறந்தது. ஒன்றுகூடப் பெண் மாப்பிள்ளை மேல் விழவில்லை. எல்லாம் காற்றில் கிழக்கே போய் ரோட்டில் அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வேன் மேல் விழுந்தது. வேன்காரர்கள் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

பந்தி ஆரம்பித்ததும் மரத்தடிக்குத் தனியாகச் சாப்பாடு போனது. சங்கிலிப்பாண்டிக்கு ஜீப் பானட்டின் மேலேயே இலை விரித்தார்கள். கூட்டம் நெருக்கியடிக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் ஜெயசித்ராவாலும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார முடியாது. அவளுக்கு மண்டபத்துப் படிக்குப் பக்கத்தில், வெளியே, ஒரு மேஜையைப் போட்டார் மாரிராஜ். இந்தக் கடைசியில் தங்கச்சி, அந்தக் கடைசியில் அண்ணன். நடுவில் காலி மைதானம்.

"ஏட்டி, அவியல் நல்லாருக்கு!" என்று கத்தினார் அண்ணன்.

"உப்பு கம்மியாத் தெரியலையா?"

"எனக்குத்தான் ருசியே தெரியலையே! சும்மா சொன்னேன்!"

மரத்தடி முழுக்கச் சிரிப்பு, சிரிப்பைத் தொடர்ந்து இருமல். அந்த நேரத்தில் மலையிலிருந்து சாரல் இறங்கியது. பூப்போல விழுந்து இலையில் பாயாசத்தை நனைத்தது.

"ஜெயா, நனையாத! உள்ள போ!"

"காய்ச்சக்காரரு நீங்க மொதல்ல ஜீப்புக்குள்ள ஏறுங்க!"

"நீ போனாப் போறேன்!"

"நீங்க ஏறுனா நான் போறேன்!"

இரண்டு பேரும் நகரவில்லை. மாரிராஜ் இரண்டு கையிலும் குடையைத் தூக்கிக்கொண்டு, யாரிடம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் நடுமைதானத்தில் நின்றார்.